14 மாதத்தில் கலைந்த ஸ்காட்டலைட்ஸ்: ஒரு கேள்வியும் அதன் வால்களும்

வாசகர் கேள்வி, 2019 பெப்ரவரி 9

ஸ்கா என்ற துள்ளல் இசையை வாசித்த ஜமைக்காவின் ஸ்காட்டலைட்ஸ் குழு 1964-ல் தொடங்கி 1965-ல் கலைந்துவிட்டது. மொத்தம் 14 மாதம். ஆனால் ஜமைக்க இசை பற்றி எதைப் படித்தாலும் இவர்கள் பெயர்தான் முதலில் வருகிறது. 14 மாதத்தில் அப்படி என்ன சாதித்துவிட்டார்கள்? அமெரிக்க ரிதம் அண்ட் ப்ளூஸைக் கொஞ்சம் தாளம் மாற்றி வாசித்த ஓட்டல் பேண்ட்தானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2019 பெப்ரவரி 9, இரவு

ஓட்டல் பேண்ட் என்று நக்கலாகச் சொன்னாலும் அதில் பாதி உண்மை. இவர்களில் பலர் ஓட்டலிலும் கிளப்பிலும் சுற்றுலாக்காரர்களுக்கு வாசித்துச் சோறு தின்றவர்கள்தான். பகலில் ஸ்டூடியோ, இரவில் கிளப். கையில் கூலி.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். டெனர் சாக்ஸஃபோனில் டாமி மக்குக்கும் ரோலண்ட் அல்போன்சோவும். ஆல்டோ சாக்ஸில் லெஸ்டர் ஸ்டெர்லிங். ட்ரம்பெட் ஜானி மூர். ட்ராம்போன் டான் டிரம்மண்ட். பியானோவில் ஜாக்கி மிட்டூ, டபுள் பேஸில் லாயிட் ப்ரெவெட், ட்ரம்ஸில் லாயிட் நிப், கிட்டாரில் எல்லோரும் ஜா ஜெரி என்று கூப்பிட்ட ஜெரோம் ஹேன்ஸ். பாட்டுக்கு டொரீன் ஷேஃபர், லார்ட் டனாமோ, பார்படோஸிலிருந்து வந்த ஜாக்கி ஓபல். 1964 ஜூன் 27 அன்று கிங்ஸ்டன் நகரின் ரே டவுனில் இருந்த ஹை-ஹாட் கிளப்பில் முதல் கச்சேரி. 1965 ஆகஸ்டில் கலைந்தார்கள்.

வயதைப் பாருங்கள். மக்குக்குக்கு அப்போது 37. மிட்டூவுக்கு 16. மேடையில் தகப்பனும் மகனும் போல நின்றிருப்பார்கள்.

எனக்கு இவர்களைப் பற்றி எப்படித் தெரியும் என்றால், டொராண்டோவில் ஒரு கிடங்கில் ஆறு வருடம் இரவு வேலை செய்தேன். பக்கத்து மேசையில் பெட்டிக்கு டேப் ஒட்டியவர் கிங்ஸ்டன்காரர். எல்லோரும் அவரை பாப்ஸ் என்பார்கள், நானும் அப்படித்தான். சின்னப் பையனாக இருந்தபோது கிளப்புக்குள் விடமாட்டார்கள் என்று சுவருக்கு வெளியே நின்று கேட்டவர். இதில் நான் சொல்வதில் பாதி அவர் சொல்லி நான் போய்ப் படித்தது. மீதி நான் படித்துவிட்டுப் போய் அவரிடம் திட்டு வாங்கியது.

2019 பெப்ரவரி 10

நேற்று கேள்வியின் பின்பாதிக்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். ரிதம் அண்ட் ப்ளூஸ் விஷயம்.

ஆமாம், வேர் அங்கேதான். 1950-களில் கிங்ஸ்டனில் சாதாரண சனத்துக்கு மேடைக் கச்சேரி கட்டுப்படியாகாது. சவுண்ட் சிஸ்டம்தான் கதி. அலுமாரி உயரத்துக்கு ஸ்பீக்கர்களைத் தெருவிலோ திறந்த வளவிலோ அடுக்கி, அமெரிக்க இசைத்தட்டுகளைப் போட்டு விடியும்வரை ஆட்டம். மியாமி, நியூ ஓர்லியன்ஸ் வானொலிகள் இரவில் காற்று வாக்கில் கேட்கும். கப்பல்காரர்களும், அமெரிக்கத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போய்த் திரும்பியவர்களும் தட்டுகளைக் கொண்டுவந்தார்கள். டியூக் ரீட், கோக்சன் டாட் என்ற இரண்டு சவுண்ட் சிஸ்டம் முதலாளிகளுக்கு இடையே நடந்தது சண்டை இல்லை, போர்.

ஒரு கதை. கோக்சனிடம் ஒரு தட்டு இருந்தது. லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு அதற்குத் தன் பெயரையே வைத்து, தன் அடையாளப் பாட்டாக ஓட்டிக்கொண்டிருந்தார். வேறு யாருக்கும் அது என்ன தட்டென்று தெரியாது. உண்மையில் அது வில்லிஸ் ஜாக்சன் என்ற அமெரிக்க சாக்ஸ்காரருடையது. டியூக் ரீட் எப்படியோ துப்புப் பிடித்து ஒரு பிரதி வாங்கிவந்து கோக்சனின் முன்னாலேயே போட்டுவிட்டார். கோக்சன் மயங்கி விழுந்தார் என்பார்கள். விழுந்திருக்கலாம். நம் ஊரில் இரண்டு கோயில் திருவிழாவில் ஒரே நாளில் இரண்டு பெரிய நாகஸ்வரக் குழுக்கள் வந்தால் நடக்கும் கூத்தை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் 50-களின் கடைசியில் அமெரிக்காவில் ருசி மாறிவிட்டது. ராக் அண்ட் ரோல் வந்தது. கிங்ஸ்டன் சனம் கேட்ட பழைய துள்ளல் தட்டுகள் வருவது குறைந்தது. வராவிட்டால் நாமே செய்வோம் என்று முதலாளிகள் உள்ளூர் ஆட்களை ஸ்டூடியோவுக்குள் இழுத்தார்கள். அந்த உள்ளூர் ஆட்கள்தான் இவர்கள். பஞ்சத்தில் பிறந்த இசை என்று வைத்துக்கொள்ளுங்கள். தானியப் பஞ்சம் இல்லை, தட்டுப் பஞ்சம்.

2019 பெப்ரவரி 10, பின்னேரம்

"தாளம் மாற்றி" என்கிறீர்களே, அந்த மாற்றம்தான் ஸ்கா, சின்ன விஷயம் இல்லை. கையைத் தட்டிக்கொண்டு தக தக தக தக என்று சொல்லுங்கள். "த" விழும்போது கை தட்டுகிறது. கிட்டாரும் பியானோவும் விழுவது "க"வில். நான்கு "க"விலும். கையும் வாத்தியமும் ஒன்றையொன்று தொடாது. ட்ரம்ஸில் நிப் இரண்டாவது, நான்காவது தட்டில் கனத்தை வைப்பார். உடம்பு எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ஆடத் தொடங்கிவிடும்.

அமெரிக்க ப்ளூஸ் பியானோவில் இந்தப் பின்தட்டு ஏற்கெனவே லேசாக உண்டு. மெம்பிஸ்காரரான ரோஸ்கோ கோர்டன் வாசித்த விதம் ஜமைக்காவில் பெரிய மோகம். அங்கே ஓரத்தில் இருந்ததை இவர்கள் நடுவுக்குக் கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் பின்னால் வந்த ஜமைக்க இசையான ரெகே வரைக்கும் போயிற்று.

2019 பெப்ரவரி 12

இன்னொன்று தோன்றியது. இது நம் பைலாதானே? தீவு, ரம், பின்தட்டு, ஆட்டம். இலங்கையில் பைலா கேட்டு வளர்ந்தவனுக்கு ஸ்கா கேட்டவுடன் கால் தானாக அசைவதற்குக் காரணம் இதுதான். இரண்டிலும் ஆப்பிரிக்க ரத்தம் ஓடுகிறது. ஒரே குடும்பம்.

2019 பெப்ரவரி 13

நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ட்ரம்ஸ் வாசிக்கும் நண்பர் ஒருவர் தனியாக எழுதிக் கிழித்துவிட்டார். பைலா ஆறெட்டு நடை. ஸ்கா நாலு. ஒன்று உருளும், மற்றது குதிக்கும். ரத்தம், குடும்பம் எல்லாம் பெரிய வார்த்தை. கால் அசைந்ததற்குக் காரணம் ரம்மாகவும் இருக்கலாம்.

ஆனால் நிப்பின் கைக்கு ஆப்பிரிக்க வழி உண்டு என்பதில் மாற்றமில்லை. கிங்ஸ்டனுக்குக் கிழக்கே வரைக்கா மலையில் கவுண்ட் ஆஸி என்ற ராஸ்தா (ஆப்பிரிக்காவைத் தாய்நாடாகக் கொண்ட ஜமைக்கச் சமய இயக்கம்) முரசுக்காரரின் முகாம் இருந்தது. நிப் அங்கே போய் உட்கார்ந்து புர்ரு என்ற ஆப்பிரிக்க வழி முரசுத் தாளத்தைக் கேட்டுக் கற்றார். டிரம்மண்டும் மூரும் மக்குக்கும்கூட அங்கே போய் வாசிப்பார்கள். ஜாஸ் படித்த ஆட்கள், மலையில் போய் முரசோடு இரவு முழுக்க. ஸ்டூடியோவில் முதலாளிக்கு வாசித்தது வேறு, மலையில் தங்களுக்கு வாசித்தது வேறு. இரண்டும் ஒரே ஆளுக்குள் கலந்தபோதுதான் இந்தச் சத்தம் வந்தது என்று நினைக்கிறேன்.

2019 பெப்ரவரி 17

"இத்தனை சின்னத் தீவில் ஒரே நேரத்தில் இத்தனை நல்ல ஊதுகாரர்கள் எப்படி?" என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. பதில் ஒரு பள்ளிக்கூடம்.

கிங்ஸ்டன் சவுத் கேம்ப் ரோட்டில் ஆல்பா என்ற ஆண் பிள்ளைகள் விடுதிப் பள்ளி. மெர்சி சபைக் கன்னியாஸ்திரிகள் நடத்தியது. அநாதைப் பிள்ளைகள், வீட்டில் அடங்காத பிள்ளைகள், வளர்க்க வழியில்லாத தாய் கொண்டுவந்து விட்ட பிள்ளைகள். தையல், அச்சு வேலை, தோட்ட வேலையோடு பேண்ட் வாத்தியமும் ஒரு தொழிலாகக் கற்றுக்கொடுத்தார்கள். இந்தத் "தொழிலாக" என்பதைக் கவனியுங்கள். கலை, ஆத்மா என்றெல்லாம் இல்லை. வெளியே போனால் ராணுவ பேண்டிலோ ஓட்டலிலோ சம்பளம் கிடைக்கும் என்ற கணக்கு. டிரம்மண்ட், மக்குக், ஸ்டெர்லிங், மூர் நாலு பேரும் ஆல்பா. முன்வரிசை ஊதுகாரர் ஐந்து பேரில் நாலு பேர் ஒரே பள்ளி! டிரம்மண்ட் பின்னால் அங்கேயே சின்னவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார்.

மூரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அவர் அநாதை இல்லை. வீட்டில் சங்கீதம் வேண்டாம் என்றார்கள். ஆல்பாவில் போக்கிரிப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள், சேர்ந்தால் ட்ரம்பெட் கிடைக்கும் என்று கேள்விப்பட்டார். வேண்டுமென்றே போக்கிரித்தனம் செய்யத் தொடங்கினார். வீட்டார் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். பிள்ளையைப் பாட்டு வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போகும் நம் டொராண்டோ ஸ்கார்பரோ அம்மாக்களுக்கு இதைச் சொல்லாதீர்கள்.

சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் டேவிஸ் என்ற கன்னியாஸ்திரி அங்கே பல பத்தாண்டுகள் இருந்தார். 2003-ல் காலமானார். பெரிய இசைத்தட்டுச் சேகரிப்பு வைத்திருந்தார், ஜாஸ், லத்தீன், ப்ளூஸ் எல்லாம். பையன்களை உட்காரவைத்துத் தட்டைப் போட்டுக் கேட்கச் சொல்வார். அங்கியோடு டிஜே வேலை பார்த்த அம்மா என்று பாப்ஸ் சொல்வார்.

என் சித்தப்பா யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கப் பாடசாலை பாண்ட் வாத்தியத்தில் கிளாரினெட் ஊதியவர். பெருநாளுக்கும் செத்த வீட்டுக்கும் போவார்கள். செத்த வீட்டில் ஊதுவதற்குத்தான் நல்ல காசு என்பார். ஆல்பா பையன்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவருடைய வெள்ளைச் சட்டையும் இடுங்கிய சப்பாத்தும்தான் கண்ணுக்குள் வரும். அவருக்குப் போய் வாசிக்க ஒரு கோக்சன் டாட் இருக்கவில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள்.

2019 பெப்ரவரி 17, பத்து நிமிடம் கழித்து

திருத்தம். அல்போன்சோ ஆல்பா இல்லை, அவர் ஸ்டோனி ஹில் பள்ளி. நான் நாலு பேர் என்றுதான் எழுதினேன், ஆனால் ஒருவர் "அல்போன்சோவும்தானே" என்று கேட்டிருக்கிறார். இல்லை. அல்போன்சோவுக்கும் மக்குக்குக்கும் ஒற்றுமை வேறு. இரண்டு பேரும் பிறந்தது ஹவானாவில்.

2019 பெப்ரவரி 24

ஏன் கலைந்தார்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒரே வரியில் சொல்வதென்றால் டான் டிரம்மண்ட்.

குழுவின் மிகப் பெரிய படைப்பாளி அவர்தான். மைனர் சுரவரிசையில் சோகமாக இறங்கும் அவருடைய மெட்டுகளைத் துள்ளும் தாளத்தின் மேல் உட்காரவைத்திருப்பார். அழுதுகொண்டே ஆடுவது போல இருக்கும். மனநோய் இருந்தது, மருத்துவமனைக்குப் போய் வருவார். 1965 ஜனவரி 2 விடியற்காலை தன்னோடு வாழ்ந்த பெண்ணைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். பெல்வியூ மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு 1969 மே 6-ல் அங்கேயே இறந்தார். ஒரு மேதையின் முடிவு. அதோடு குழுவும் முடிந்தது.

2019 பெப்ரவரி 25

பாப்ஸுக்கு நேற்று இரவு தொலைபேசியில் இதை வாசித்து மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு கேள்விதான் கேட்டார். ஜனவரியிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் யார் வாசித்தது?

சரிதான். டிரம்மண்ட் போன பிறகு ஏழு மாதம் குழு ஓடியிருக்கிறது. 14-ல் ஏழு. பாதி. அவர் போனதால் அன்றே முடிந்தது என்று நான் எழுதியது கதை சொல்லும் அவசரம். அவர் போனது பெரிய ஓட்டை, சந்தேகமில்லை. ஆனால் ஒன்பது பத்துத் தலைகள் உள்ள குழுவில் காசும் கோபமும் இல்லாமல் இருக்குமா? எல்லோரும் பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் வாங்கிப் போனவர்கள். தட்டு எத்தனை விற்றாலும் உரிமைப் பணம் கிடையாது. ஒரே வாரத்தில் ஒரே ஆட்கள் கோக்சனுக்கும் ரீடுக்கும் மற்றவர்களுக்கும் மாறி மாறி வாசித்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் "குழு" என்பதே மெல்லிய நூல்.

கலைந்ததும் எப்படிப் பிரிந்தார்கள் என்று பாருங்கள், புரியும். அல்போன்சோவும் மிட்டூவும் கோக்சனின் ஸ்டூடியோ ஒன்னில் சோல் பிரதர்ஸ் ஆனார்கள். மக்குக் டியூக் ரீடின் ட்ரெஷர் ஐலில் சூப்பர்சோனிக்ஸ் அமைத்தார். அதாவது பழைய இரண்டு சவுண்ட் சிஸ்டங்களின் எல்லைக்கோட்டிலேயே விரிசல் விழுந்திருக்கிறது.

2019 மார்ச் 2

24-ம் தேதிக் குறிப்புக்கு ஒரு பெண் எழுதிய பதிலை நான்கைந்து நாள் விழுங்க முடியாமல் வைத்திருந்தேன். "கொன்றவருக்கு மேதை என்று ஒரு பத்தி. கொல்லப்பட்டவருக்குப் பெயர்கூட இல்லை" என்றார். பதில் சொல்ல எனக்கு வாயில்லை.

பெயர் அனிதா மஃபூட். மேடையில் மார்கரீட்டா. கிங்ஸ்டனில் பெயர் பெற்ற ரும்பா (கியூப ஆட்டம்) நடனக்காரி. லெபனான் வழி வந்த தகப்பன். பாட்டும் எழுதினார், பாடினார். ராஸ்தா முரசோடு அவர் பாடிய ஒரு தட்டு இருக்கிறது, டியூக் ரீடுக்காகப் பதிவானது. ஒரு பெண் தானே எழுதித் தானே பாடிப் பதிவு செய்தது அந்த நாளில் அங்கே அபூர்வம்.

இன்னொன்று. ராஸ்தாக்களை மேடையில் ஏற்ற யாரும் விரும்பாத காலம். வியர் ஜான்ஸ் என்பவர் நடத்திய பெரிய திறமைப் போட்டி நிகழ்ச்சியில் ஆட இவரை அழைத்தார்கள். கவுண்ட் ஆஸியின் முரசுக்காரர்கள் பின்னால் வாசித்தால்தான் ஆடுவேன், இல்லாவிட்டால் மாட்டேன் என்று நின்றுவிட்டார். கடைசியில் விட்டார்கள். சனம் கொண்டாடிவிட்டது. மேலே நான் வரைக்கா மலை, முரசு, ஜாஸ் கலந்த சத்தம் என்று பெரிதாக எழுதினேனே, அந்த முரசை மலையிலிருந்து இறக்கி நகரத்து மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் இவர் முதல் வரிசை. அதை எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல், செத்த இடத்தில் மட்டும் எழுதினேன்.

24-ம் தேதிக் குறிப்பை அழிக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

2019 மார்ச் 3

கொஞ்சம் இலகுவான விஷயம். இவர்களுக்கு "ரிங்கோ" என்று ஒரு மெட்டு இருக்கிறது. பீட்டில்ஸ் ட்ரம்ஸ்காரர் ரிங்கோவுக்கு மரியாதை என்று ஐந்து வருடம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இல்லையாம். ரிங்கோ என்றால் ஜப்பானிய மொழியில் ஆப்பிள். மிசோரா ஹிபாரி என்ற ஜப்பானியப் பாடகியின் ஆப்பிள் தோட்டப் பாட்டின் மெட்டு அது. கிங்ஸ்டனில் அதைப் பிடித்து ஸ்காவாக்கிவிட்டார்கள்.

குழப்பம் அதோடு நிற்கவில்லை. பீட்டில்ஸ் மெட்டு ஒன்றையும் இவர்கள் வாசித்திருக்கிறார்கள், அதன் தலைப்பிலும் ரிங்கோ வருகிறது. ஆக நான் சொன்னதும் ஒருவிதத்தில் சரி, தப்பான பாட்டுக்கு.

ஜஸ்டின் யாப் என்ற சீன ஜமைக்கத் தயாரிப்பாளருக்கு வாசித்தவற்றில் கன்ஃபூசியஸ், சைனாடவுன் என்றெல்லாம் தலைப்பு வரும். அமெரிக்க ஜாஸ்காரர் டியூக் எல்லிங்டன் குழுவின் "கேரவான்" என்ற பழைய ஒட்டக ஊர்வல மெட்டு இவர்களிடம் "ஸ்காரவான்" ஆனது. 1961-ல் வந்த நவரோன் பீரங்கிப் படத்தின் இசையையும் விடவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் சட்டியில் போட்டு வறுத்தெடுத்தார்கள். குழுவின் பெயரே அப்படித்தான். விண்ணில் சேட்டலைட் விடும் காலம். யாரோ சேட்டலைட்ஸ் என்று வைக்கலாம் என்றபோது மக்குக் முன்னால் ஒரு ஸ்காவைச் செருகிவிட்டார்.

2019 மார்ச் 16

"அரசாங்கம் ஸ்காட்டலைட்ஸை 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு அனுப்பாமல் வஞ்சித்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது அடிக்கடி கேட்கும் குறை. பைரன் லீயின் டிராகனேர்ஸ் குழுவை அனுப்பினார்கள். மேல்தட்டுக் கிளப் பேண்ட், பளிச்சென்ற சட்டை. கண்டுபிடித்தவர்கள் வீட்டில், கற்றுக்கொண்டவர்கள் விமானத்தில் என்று நானும் கோபப்பட்டிருக்கிறேன்.

ஆனால் தேதியைப் பாருங்கள் தம்பி. கண்காட்சி திறந்தது ஏப்ரலில். ஸ்காட்டலைட்ஸ் முதல் கச்சேரி ஜூனில். இல்லாத குழுவை எப்படி அனுப்புவது?

அப்படியென்றால் வஞ்சனை இல்லையா? இருக்கிறது. குழு இல்லை, ஆட்கள் இருந்தார்கள். 1964 தொடக்கத்தில் ஜமைக்கா முழுக்க ஓடிய வெய்லர்ஸின் முதல் வெற்றிப் பாட்டு, அதாவது பாப் மார்லி என்ற பெடியனின் குரல், அதற்குப் பின்னால் ஸ்டூடியோ ஒன்னில் வாசித்தவர்கள் இவர்கள்தான். அப்போது தட்டில் இவர்களுக்குப் பெயர்கூட இல்லை. பெயர் இல்லாத ஆளை அனுப்பாமல் விடுவது எல்லா அரசாங்கத்துக்கும் சுலபம்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்தில் இவர்களுக்கு மேனேஜராக இருந்த இளம் வழக்கறிஞர் பி. ஜே. பேட்டர்சன். 1992 முதல் 2006 வரை அதே நாட்டின் பிரதமர். பத்துக் கலைஞர்களை ஒரே நேரத்துக்கு வேனில் ஏற்றிய அனுபவம் அமைச்சரவைக்கு உதவியிருக்கும்.

2019 ஏப்ரல் 6

என் அசட்டுத்தனம் ஒன்று. முதன்முதலில் "ஸ்காட்டலைட்ஸ்" என்று நினைத்துக் காசு கொடுத்து வாங்கிய தட்டு ஸ்காட்டலைட்ஸ் இல்லை. பழைய தட்டு விற்கும் ஒரு கடையில் உறையில் பெரிதாகப் பெயர் போட்டிருந்தது. உள்ளே பாதி 1966-ம் ஆண்டுப் பதிவுகள். அதில் எனக்கு மிகவும் பிடித்த அல்போன்சோவின் "ஃபீனிக்ஸ் சிட்டி" சோல் பிரதர்ஸ் காலத்தது. கோபத்தோடு பாப்ஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தட்டைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார். சாக்ஸ் யார்? அல்போன்சோ. பியானோ? மிட்டூ. அப்புறம் என்ன உனக்கு, என்று டேப்பை எடுத்து அடுத்த பெட்டியை ஒட்டத் தொடங்கிவிட்டார்.

அன்றைக்கு அது எனக்கு மழுப்பலாகத் தெரிந்தது. இந்த இழையை எழுதிக்கொண்டு வரும்போதுதான் முதல் கேள்வியிலேயே எனக்குச் சிக்கல் தெரிகிறது. 14 மாதம் என்பது ஒரு பெயர்ப்பலகை தொங்கிய காலம். அந்த ஆட்கள் 50-களின் கடைசியிலிருந்து ஒருவரோடு ஒருவர் ஸ்டூடியோவில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பலகையைக் கழற்றிய மறு வாரமும் அதே ஸ்டூடியோவில் பாதிப் பேர் வாசித்தார்கள். நவரோன் மெட்டு 1967-ல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 36-வது இடத்துக்கு ஏறியபோது குழு கலைந்து கிட்டத்தட்ட இரண்டு வருடம். வாழ்த்துச் சொல்லப் போனால் வீட்டில் ஆளில்லை.

2019 ஏப்ரல் 7

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். பெயர்ப்பலகை என்று ஒரேயடியாகத் தள்ளிவிட்டேனோ? பெயர் வந்த பிறகு ஒன்று மாறியது. பாடகனுக்குப் பின்னால் கூலிக்கு ஊதியவர்கள் முன்னால் வந்து நின்று, பாட்டே இல்லாமல் வெறும் வாத்தியத்துக்குச் சனத்தைக் காசு கொடுத்து வரவழைத்தார்கள். அது 14 மாதம்தான் நடந்தது. மக்குக் நாசாவில், அதாவது பஹாமாஸ் நாசாவில், பல வருடம் ஜாஸ் வாசித்துவிட்டு 1962-ல் திரும்பியவர். ஸ்கா வேண்டாம், நான் ஜாஸ்காரன் என்று முதலில் பிகு பண்ணியவர். அப்படிப்பட்டவர் முன்னால் நிற்கச் சம்மதித்தது சின்ன விஷயம் இல்லை. ஆக, பாதி வாபஸ்.

2020 நவம்பர் 21

இழை செத்துவிட்டது என்று நினைத்தேன், யாரோ எழுப்பிவிட்டிருக்கிறார்கள். நன்றி.

இடையில் நடந்தது: ஊரடங்கில் மூளை பிசகி ஒரு பழைய ட்ராம்போன் வாங்கினேன். சாவி கிடையாது, துளை கிடையாது. இழுப்பதற்கு ஏழு இடங்கள் என்று புத்தகம் சொல்கிறது. எந்த இடமென்று குழாயில் ஒரு கோடும் கிடையாது. காதுதான் கோடு. இரண்டு சுரத்துக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு போகலாம் என்பதால் நாகஸ்வரம் கேட்ட காதுக்கு ஆரம்பத்தில் சொர்க்கம் போலத் தோன்றும். பிறகுதான் தெரியும், வழுக்காமல் நிற்பதுதான் கஷ்டம் என்று. டிரம்மண்ட் அந்தத் துள்ளல் வேகத்தில் ஒவ்வொரு சுரத்தையும் ஆணி அடித்த மாதிரி நிறுத்துவார். நான் மூன்று மாதத்தில் கீழ்வீட்டுச் சீனக் கிழவியை எதிரியாக்கியதுதான் மிச்சம். விளக்குமாற்றுக் கட்டையால் கூரையை இடிப்பார். பாப்ஸிடம் சொன்னேன். அவர் எந்தத் தட்டில் இடிக்கிறார் என்று கேட்டார்.

2023 மே 27

லெஸ்டர் ஸ்டெர்லிங் இந்த மாதம் போய்விட்டார். முதல் நாள் மேடையில் நின்ற ஊதுகாரர்களில் கடைசி ஆள். மிட்டூ 1990-ல், இதே டொராண்டோவில். மக்குக்கும் அல்போன்சோவும் 1998-ல் ஒரே ஆண்டில். மூர் 2008. நிப் 2011, ப்ரெவெட் அடுத்த ஆண்டு. 1983-ல் மாண்டிகோ பேயில் ரெகே சன்ஸ்ப்ளாஷ் விழாவில் மறுபடி சேர்ந்த பிறகு அந்தப் பெயர் எத்தனையோ வருடம் உலகம் சுற்றியது. டொரீன் ஷேஃபரும் கூடவே போய்ப் பாடினார். அதைக் கணக்கில் சேர்த்தால் "14 மாதம்" இன்னும் சிரிப்பாக இருக்கும்.

கணக்கு என்றதும் இன்னொன்று. ஒருவர் விரல் விட்டு எண்ணியிருக்கிறார்: ஜூன் 27-லிருந்து ஆகஸ்ட் தொடக்கம் என்றால் 13 மாதமும் சில்லறையும்தானே என்று. ஆகஸ்ட் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள், 14 வரும்.

புதிதாகக் கேட்பவர்கள் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டவருக்கு: "கன்ஃபூசியஸ்". முதலில் ட்ராம்போனைக் கேளுங்கள், இரண்டாம் தடவை பேஸை மட்டும். மூன்றாம் தடவை எழுந்து நின்று கேளுங்கள்.

ட்ராம்போன் விற்பனைக்கு இருக்கிறது. இழுகுழாய்க்கு எண்ணெய் போத்தல் இலவசம். ஸ்கார்பரோவுக்குள் என்றால் நானே கொண்டுவந்து தருவேன். கீழ்வீட்டு அம்மா பஸ் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறார்.